வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கும் முன்: மலைவீட்டுக்கு இணையக் கேமரா

கோத்தகிரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது எங்கள் குடும்பத்தில் ஒரு வரிசை உண்டு. காஸ் சிலிண்டரை மூட வேண்டும், குழாய்களைத் திருகிப் பார்க்க வேண்டும், கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அப்பா காலத்துப் பழக்கம். முதன்முதலாக இணையக் கேமராக்களைப் பொருத்திவிட்டு ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் புறப்பட்ட அன்றும் கை தன்னால் அதையே செய்தது. மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது, மைத்துனரிடம் பெருமையாகக் காட்டலாம் என்று செல்போனைத் திறந்தேன். மூன்று கேமராக்களும் ‘ஆஃப்லைன்’. இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டே முதல் டீயைக் குடித்தேன். இரண்டாவது டீயின்போதுதான் மெயின் சுவிட்ச் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு கேமராவைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கேமராவைப் பற்றியதே அல்ல. மின்சாரம், நெட், மேகம், சிலந்தி, குரங்கு, எதிர்வீட்டு அக்கா என்றுதான் அந்தப் பட்டியல் போகிறது. கோயம்புத்தூர் கடைக்காரர் இவற்றைச் சொல்ல மாட்டார். அவர் ஊரில் இவற்றில் பாதி கிடையாது. நீலகிரியில் முதல்முறையாகக் கேமரா வைக்கப் போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். செய்திருக்க வேண்டிய வரிசையில் என்று சொல்வது இன்னும் சரி.

முதலில் ஒரு நடை

எதையும் வாங்காமல், மாலை ஆறு மணிக்கு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். சமவெளி வீட்டுக்கு வாசல் ஒரு பக்கம்தான். நம் வீடுகள் படிப்படியாக வெட்டிய சரிவில் நிற்பவை. பின்பக்கத்து மேட்டில் நிற்கிறவனுக்கு உங்கள் சமையலறைக் கூரை இடுப்பு உயரத்தில் இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வேலி இருந்தாலும் ஆள் நுழையும் சந்து ஒன்று எப்படியும் இருக்கும். நீங்களே திருட வந்தால் எந்த வழியாக வருவீர்கள் என்று யோசித்துக்கொண்டே நடங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு கேமராக்கள் போதும். வாசலையும் அதற்கு வரும் பாதையையும் ஒன்று பார்க்கட்டும், சமையலறைப் பின்கதவை மற்றொன்று பார்க்கட்டும். பின்னால் தடுப்புச்சுவர் இருந்தால் மூன்றாவதை அதற்கு வையுங்கள். இது ஆடம்பரம் அல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. சுவரில் புதிதாக ஒரு வயிற்றுப்புடைப்பு தெரிகிறதா, நீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் தேங்குகிறதா என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பார்க்க முடிவது, திருடனைப் பார்க்க முடிவதைவிட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. நான்காவது கேமரா பெரும்பாலும் கடைக்காரரின் ஆசை.

நெட் எங்கே வரை எட்டுகிறது?

கேமரா வரப்போகும் இடத்தில் செல்போனைப் பிடித்து, வீட்டு வைஃபையில் ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். ‘டவுன்லோடு’ எண்ணை விட்டுவிடுங்கள். கேமரா படத்தை அனுப்புவதால் ‘அப்லோடு’ வேகம்தான் நமக்கு முக்கியம். ஒரு கேமராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் நிம்மதி.

பழைய பங்களா வகை வீடுகளில் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் இருக்கும், மேலே தகரக் கூரை இருக்கும். இரண்டுமே வைஃபைக்கு எமன்கள். கேமராவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் கல்லைத் தாண்டாது. மலிவான கேமராக்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும் என்பதையும் கவனியுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் சண்டை போடாமல் கம்பி இழுத்துவிடுங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரத்தையும் படத்தையும் கொண்டுபோகும் ‘பிஓஇ’ வகைக் கேமராவுக்கு 100 மீட்டர் வரை கேபிள் ஓடலாம். வெளிப்புறத்துக்கென்று செய்த கேபிளாக இருக்க வேண்டும்.

ஃபைபர் இணைப்பு வராத தோட்டத்து வீடுகளுக்கு 4ஜி சிம் போடும் கேமரா இருக்கிறது. வாங்கும் முன் எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வளைவைத் தாண்டினால் காணாமல் போகும் ஊர் இது. கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு நாள் முழுவதற்கும் 10.8 ஜிபி ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் நேரலையாக நாலரை மணி நேரம்கூடப் பார்க்க முடியாது. எனவே சிம் கேமராவில் பதிவு, அதற்குள் போடும் மெமரி கார்டிலேயே நடக்கட்டும். நீங்கள் எட்டிப் பார்ப்பதும் எச்சரிக்கைத் துணுக்குகளும் மட்டும் நெட்டில் வரட்டும்.

சூரியத் தகடு வைத்த கேமராவை விளம்பரத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் தாங்கள் எந்தச் சரிவில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் முகம் காட்டாத வாரங்கள் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்த முறை ஐப்பசி, கார்த்திகையில் வரும். பூட்டிய வீட்டில் பேட்டரி தீர்ந்தால் ஏற்றிவிட ஆள் வேண்டும். நான் அந்த வகையை வாங்கவில்லை.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வெளியே வைப்பதற்கு, தூசும் மழையும் உள்ளே புகாது என்பதைச் சொல்லும் ‘ஐபி66’ அல்லது அதற்கு மேல் என்ற தரக்குறி வேண்டும். மெமரி கார்டு போடும் இடம் வேண்டும். நெட் அறுந்த பின்னும் பதிவு தொடர அதுதான் வழி. 128 ஜிபி கார்டில், மேலே சொன்ன 1 மெகாபிட் கணக்கில், ஏறத்தாழ 11 நாள் படம் நிற்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் பல வாரம் வரும். மனிதரை மட்டும் பிரித்தறியும் வசதி இருப்பது நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இல்லாத, பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மின்சாரம்

காற்று மழையில் ஒரு சீகை மரமோ கற்பூர மரமோ மின்கம்பியில் சாய்ந்தால் போதும், அரை நாள் போய்விடும். கேமராவும் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20 வாட் அளவுதான் குடிக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. காகிதத்தில் 4 மணி நேரம், கைக்கு வருவது 3 மணி. அதுவும் குளிரில் ஈய அமிலப் பேட்டரியின் கொள்ளளவு குறையும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவில் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்த மூன்றையும் அதன் இணைப்பிலேயே கொடுத்துவிடலாம். விளக்கு, டிவி எதுவும் ஓடாத வீட்டில் ஒரு சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி இவற்றை ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இந்த மூன்றுக்கும் தனி எம்சிபி, அதாவது மெயின் பெட்டியில் தனியாக ஒரு சிறு சுவிட்ச், போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இதை மட்டும் விட்டுப் போகலாம். என் வீட்டில் அதன் மேல் சிவப்பு நெயில்பாலிஷில் ஒரு புள்ளி இருக்கிறது, என் மனைவி வைத்தது. அந்தப் புள்ளியின் அர்த்தம் ‘இதைத் தொடாதே’. யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.

நிலத்தடி இணைப்பு, அதாவது ‘எர்த்’, சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே சோதித்துவிடுங்கள். சித்திரை இடி மழையில் ரூட்டர் கருகிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு. ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்னல் ஏறாது. வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியே ஏறும்.

இன்னொரு தொல்லை, மின்சாரம் வந்துபோய் வந்துபோய் ரூட்டர் மயங்கி நிற்பது. வீட்டில் இருந்தால் அணைத்துப் போடுவோம். ஊரில் இருந்தால்? தினமும் அதிகாலை மூன்று மணிக்குக் கால் மணி நேரம் மின்சாரத்தை அறுத்துத் திரும்பக் கொடுக்கும் டைமர் பிளக் ஒன்றை ரூட்டருக்கு வைத்தேன். சக்கரம் சுற்றும் வகை வேண்டாம், ஒவ்வொரு மின்தடைக்கும் அதன் கடிகாரமும் நின்று நின்று பின்தங்கும். ஒரு மாதத்தில் என் ரூட்டர் பட்டப்பகலில் உறங்கி எழுந்துகொண்டிருந்தது. உள்ளே சிறு பேட்டரி வைத்த டிஜிட்டல் வகையை வாங்குங்கள்.

பொருத்தும் நாள்

ஒன்பது, பத்து அடி உயரம், கூரையின் இறவாணத்துக்கு அடியில், கீழ்நோக்கிச் சற்றே சாய்த்து. ஆளின் முகம் தெரிய வேண்டும், உச்சந்தலை அல்ல. இறவாணத்தின் விளிம்போ சுவரோ காட்சியின் ஓரத்தில் விழுந்தால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, மீதி எல்லாம் இருட்டாகிவிடும். பகலில் பார்த்துத் திருப்திப்பட்டு ஆளை அனுப்பிவிடாதீர்கள். இருட்டியபின் ஒருமுறை பாருங்கள்.

மூடுபனிக்கும் இதே கதை. குன்னூர் மலைப்பாதையில் பனிக்குள் ஹைபீம் போட்டு ஓட்டியவருக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் முன்னால் இருக்கும் நீர்த்திவலைகளில் மோதிக் கண்ணுக்கே திரும்பும், வெள்ளைச் சுவர் எழும். கேமராவின் சொந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஆறேழு அடி தள்ளி, வாசல் படியை நோக்கித் தனியாக ஒரு விளக்கை வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். அப்படியும் அடர்ந்த மேகம் இறங்கும் இரவில் ஒன்றும் தெரியாது. அதற்கு மருந்து இல்லை.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கட்டாயம் நீங்களே நின்று பாருங்கள். கேபிளை நேராகத் துளைக்குள் விடக் கூடாது. துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, ‘ப’வைப் போல வளைத்து, பிறகு மேலேற்றி உள்ளே விட வேண்டும். மழைநீர் கேபிளின் மேலேயே வழிந்து வரும். வளைவின் அடிக்கு வந்ததும் மேலேற முடியாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்துவிடும். இந்த ஒரு சாணை மிச்சம் பிடித்தால் தண்ணீர் நேரே இணைப்புக்குள் போகும். முதல் மழைக்காலத்தில் என் பின்பக்கக் கேமரா செத்தது இப்படித்தான். இணைப்பைத் திறந்தபோது பச்சையாகப் பூத்திருந்தது.

மீதிக் கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். தொங்கும் எதையும் குரங்கு இழுத்துப் பார்க்கும்.

சிலந்திகளுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு ஒரு அங்குலம் முன்னால் வலை பின்னும். இரவில் அந்த ஒற்றை இழை காற்றில் ஆடுவது படத்தில் வெள்ளைக் கயிறுபோலத் தெரியும். ஒரு ராத்திரியில் நாற்பது எச்சரிக்கைகள் வந்ததற்கு அதுதான் காரணம். ஊருக்குப் போகும் முன் ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது என் வழக்கம்.

கணக்கு யார் பெயரில்?

பொருத்த வந்த பையன் வேகமாகத் தன் செல்போனிலேயே செயலியைத் திறந்து, தன் கணக்கிலேயே கேமராவைப் பதிந்து, பிறகு உங்களுக்குப் ‘பகிர்வு’ கொடுத்துவிட்டுப் போவான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, அவனுக்கு அது சுலபம். ஆனால் உங்கள் வீட்டின் உண்மையான உரிமையாளர் அவன் ஆகிவிடுகிறான். முதல் பதிவே உங்கள் செல்போனில், உங்கள் எண்ணில் நடக்கட்டும். வீட்டில் மற்றவர்களுக்கு நீங்கள் பகிருங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ரூட்டரின் கடவுச்சொல்லையும் சேர்த்து. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் (வைரஸ் மாதிரியான மென்பொருள்), மாற்றாமல் விட்ட ஆலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் தன் படையில் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்களை முடக்கிய தாக்குதலில் அந்தப் படை இருந்தது. செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், கேமராவின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், ரூட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் கேமராக்களை அதில் ஒதுக்கிவிடுங்கள். ரூட்டரில் ‘போர்ட்’ திறந்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்றைய செயலிக் கேமராக்கள் தாமாகவே நிறுவனத்தின் சர்வருக்கு அழைப்பு விடுகின்றன. உங்கள் செல்போனும் அங்கே போகிறது, இருவரும் அங்கே சந்திக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வரத் தனி ஓட்டை தேவையில்லை.

பக்கத்து வீட்டு முற்றமோ குளியலறை ஜன்னலோ காட்சியில் விழுந்தால் கேமராவைத் திருப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி செயலியில் இருக்கிறதா பாருங்கள். இது மரியாதை மட்டும் அல்ல. அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவிலும் வருகிறது. வீட்டை ‘ஹோம்ஸ்டே’யாக வாடகைக்கு விடுகிறவர்கள் உள்ளே கேமரா வைக்கவே கூடாது. வாசலில் இருப்பதையும் விருந்தினரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எச்சரிக்கைகளை அடக்குவது

முதல் வாரம் செல்போன் ஓயாது. மேகம், மழைச்சாரல், ஆடும் செடி, காட்டுமாடு, பூனை, மறுபடி மேகம். மூன்றாம் நாள் நீங்களே சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். அப்புறம் கேமரா இருந்தும் இல்லாததும் ஒன்று. அதனால்தான் மனிதரைப் பிரித்தறியும் வசதியைக் கேட்டேன். வாசலுக்கு அதை மட்டும் போடுங்கள். காட்சியில் தெரியும் ரோட்டையும் செடிகளையும் விட்டுவிட்டு, படியையும் கதவையும் மட்டும் கட்டம் போட்டுக் குறியுங்கள். தடுப்புச்சுவர்க் கேமராவுக்கு எச்சரிக்கையே வேண்டாம், நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பின்கதவுக்கு மட்டும் எல்லா அசைவையும் விட்டு வைத்திருக்கிறேன். போன ஆண்டு கோயம்புத்தூரில் மகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது இரவு இரண்டு மணிக்கு அது ஒலித்தது. திறந்தால், சமையலறைப் படியில் ஒரு கரடி உட்கார்ந்திருக்கிறது. விளக்குக்கு ஊற்றி மிஞ்சிய எண்ணெய்ப் பாட்டிலை மாடத்தில் மறந்துவிட்டு வந்திருக்கிறோம். எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே பெயர்க்கும் ஜீவன் அது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துப் பொறுமையாக நக்கிவிட்டு, மூக்கால் கதவை ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று. நான் செய்த ஒரே வேலை எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்தது. “அக்கா, எங்கள் வீட்டுப் பக்கம் கரடி. சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்காதீர்கள்.” தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்டார்: “உங்கள் வீட்டுக் கரடி கோயம்புத்தூரில் இருந்து எப்படித் தெரிகிறது?”

சாவி யாரிடம்?

கேமரா காட்டும், போய்ப் பார்க்காது. சேலத்தில் நின்றுகொண்டு என் வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ரத்த அழுத்தம்தான் ஏறும். சாவியை ஒருவரிடம் கொடுத்து, எதற்கு வர வேண்டும், எதற்கு வரக் கூடாது என்று தெளிவாகப் பேசி வையுங்கள். அக்காவோடு எங்கள் ஒப்பந்தம் இது: ஆள் நடமாட்டம் என்றால் அவர் வர வேண்டாம், நான் 112க்குச் சொல்வேன். விலங்கு என்றால் கதவைத் திறக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்வேன். மண் சரிந்தால் மாவட்டப் பேரிடர் எண் 1077. நெட் போய்விட்டது, குழாய் உடைந்தது, ரூட்டர் நின்றது என்றால் பகலில், மழை விட்டபின், வந்து பார்க்கலாம். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் பூட்டிய வீடு என்று தேதியோடு சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது ஒத்திகை. வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கி, கேமரா எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் யாரும் தொடாமல் தானாக வருகிறதா? செல்போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் படம் திறக்கிறதா? பிறகு ஒரு நாள் கோயம்புத்தூர் போய் வாருங்கள். பத்து நாள் பயணத்தில் தெரிய வேண்டிய கோளாறு அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

பயணத்தில் காலையும் இரவும் ஒருமுறை பார்த்தால் போதும், குறைந்த தெளிவில் திறந்தால் டேட்டாவும் மிஞ்சும். ரயில் நிலைய இலவச வைஃபையில் திறக்காதீர்கள். ‘ஆஃப்லைன்’ என்று வந்தால் பதறாமல் முதலில் பக்கத்தில் யாரையாவது கேளுங்கள்: “கரண்ட் இருக்கிறதா?” பத்தில் எட்டு முறை பதில் அதிலேயே இருக்கும். கரண்ட் இருந்தும் மூன்று கேமராக்களும் ஒன்றாகப் போயிருந்தால் ரூட்டர் அல்லது ஃபைபர். ஒன்று மட்டும் போயிருந்தால் அந்தக் கேமரா, அல்லது குரங்கு.

திரும்பி வந்ததும், எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால் அந்தப் படத்துணுக்கை உடனே செல்போனில் இறக்கிவிடுங்கள். கார்டு நிரம்பியதும் பழையது தானாக அழிந்துவிடும். கரடியை நான் அப்படித்தான் இழந்தேன். வரும் வழியில் மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் நிறுத்தி ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்குங்கள். எங்கள் குளிரில் அது காய்ப்பதில்லை, சாவி வைத்திருக்கும் அக்காவுக்குக் கொடுக்கலாம்.